பிரிக்காத பொட்டலம்

கடவுள் இல்லை என்று வாதாடுகிற ஆள்கூட இல்லை நான். அந்தப் பேச்சே எனக்கு அலுப்பு. உக்குவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கண்ணால் கண்டதையும் இரண்டு தடவை சோதித்துப் பார் என்று பிள்ளைகளிடம் சொல்லுகிறவன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

என் மனைவி சாந்திக்கு வயிற்றில் கட்டி. உடனே ஒப்பரேஷன் செய்யாவிட்டால் ஆபத்து என்றார் டொக்டர். அவளோ, தோட்டத்து மாரியம்மனிடம் பூக்கட்டிக் கேட்காமல் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அவள் உயிரை ஒரு பூவிடம் ஒப்படைக்க எனக்குப் பயம், மறைப்பானேன். பொட்டலம் கட்டுகிற வேலையை நானே வாங்கிக்கொண்டு, இரண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்து நூலால் கட்டினேன். பறித்து வந்திருந்த ஒரே ஒரு சிவப்பை வடிகானுக்குள் எறிந்தேன், தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

நல்ல பகல், பதினொரு மணி வெயில். சாந்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள், பூசாரி பிரித்தார், நம்பினால் நம்புங்கள், சிவப்பு.

"ஆத்தா வேணாங்குறா," என்றார் பூசாரி.

என்னையும் மீறி, நான் செய்த எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிக் கொட்டிவிட்டேன். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாந்தி மட்டும் கோபப்படவில்லை.

"பதட்டத்துல மாத்திக் கட்டியிருப்பீங்க."

"சத்தியமா ரெண்டுலயும் வெள்ளதான் சாந்தி!" சாமி முன்னால் சத்தியம் செய்தது நான்.

"அப்படின்னா அது நீங்க செஞ்ச திருட்டு வேலைக்கு ஆத்தா சொன்ன பதிலுங்க. நான் இன்னும் ஒன்னும் கேக்கவே இல்லையே. ஒப்பரேஷன ஆத்தா வேணாங்கல. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஒப்பரேஷன் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாள், அந்தப் பூவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மற்றப் பொட்டலத்தை அன்று யாரும் பிரிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன், மேசை லாச்சிக்குள் காய்ந்து கிடக்கிறது. உள்ளே வெள்ளை இருந்தால் அன்று என் கைதான் தவறியது என்று நிம்மதியாக இருந்துவிடலாம். அதுவும் சிவப்பாக இருந்துவிட்டால்? அந்தக் காலையில் என்னிடம் இருந்தது ஒரேயொரு சிவப்புப் பூ.

வகுப்பில் இன்றைக்கும் சோதித்துப் பார், சோதித்துப் பார் என்றுதான் சொல்கிறேன். அந்த நூல் முடிச்சை மட்டும் நான் இன்னும் அவிழ்க்கவில்லை.