மூன்றாம் பானைக் குஞ்சுகள்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் என் வேலை ஜோடி சேர்ப்பது. வெட்டி வரும் தோல் துண்டுகளை ஜன்னலோர வெளிச்சத்தில் பரப்பி, இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு எல்லாமே கறுப்பு. எனக்கு அதிலேயே நீலம் ஓடும் கறுப்பு, பழுப்பு ஓடும் கறுப்பு, சாம்பல் பூத்த கறுப்பு என்று தனித்தனியாகத் தெரியும். பதினோரு வருஷமாக அந்த மேஜை என்னுடையது. சூப்பர்வைசருக்கு ஒரு துண்டில் சந்தேகம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார். பெரிதாகப் படிக்காத எனக்கு இந்தக் கண்தான் மரியாதை.

அதற்கு வீட்டிலேயே போட்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி, குடியாத்தத்துப் பெண். லுங்கித் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். நாங்கள் கீழே, அவர்கள் மேலே. கல்யாணமாகி வந்த மறுவருஷம் மொட்டைமாடியில், ஷீட் போட்ட மூலையில், ஒரு பெரிய கூண்டு வைத்து லவ் பேர்ட்ஸ் வளர்க்க ஆரம்பித்தாள். ஒரு ஜோடி பெருகி எட்டு ஜோடியானது. கூண்டுக்குள் எட்டு மண்பானைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் எழுதியிருந்தாள்.

பொரித்து நாலு நாளான குஞ்சைப் பார்த்தால் பறவை என்றே தோன்றாது. ஒரு முடிகூட இல்லாமல், கண் மூடி, தலையைத் தூக்கத் தெம்பில்லாமல் கிடக்கும் சதைத்துண்டு. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவள் சொல்வாள்: “இது வெள்ளையா வரும். இது நீலம். இது மஞ்சள், பொட்டை.” ஒரு மாதம் கழித்து அப்படியே வந்து நிற்கும். விஷயம் பரவி, பேரணாம்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் பைக்கில் வர ஆரம்பித்தார்கள். கேட்டைத் திறப்பவள் நான். “பறவைக்காரம்மா இருக்காங்களா?” என்று என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: “உன்னுது கம்பெனிக் கண்ணு. அவுளுது பொறவிக் கண்ணு.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிந்தது. ஆனாலும் அவள் ஆட்களிடம் பேசும்போது கதவோரம் நின்று காது கொடுப்பேன். அப்படித்தான் ஒன்றைப் பிடித்தேன். மூடிய இமைக்குள்ளே கண் கறுப்பாகத் தெரிந்தால் சாதாரணக் குஞ்சு. சிவப்பாகத் தெரிந்தால் வெள்ளையோ மஞ்சளோ ஆகும். அவ்வளவுதானா இவள் வித்தை என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் வந்தார். வெகுகாலமாகப் பறவை வளர்ப்பவர், வயசானவர். மூன்றாம் பானையில் அப்பன் நீலம், அம்மா வெள்ளை, மூன்று குஞ்சுகள். ஓரகத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு வெள்ளை, ஒண்ணு நீலம் பாய்” என்றாள்.

“ரெண்டு வெள்ளையும் எனக்குத்தான். வேற யாருக்கும் வாக்கு குடுக்காதம்மா” என்றவர், என் பக்கம் திரும்பி, “இந்தப் பொண்ணு ஒங்க ஊட்டுக்குக் கெடச்சது பெரிய விஷயம்” என்றார். நான் சிரித்தேன்.

மறுநாள் அவள் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து என்று குடியாத்தம் போனாள். நாலு நாளைக்குத் தினையும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லோரும் படுத்திருந்தார்கள். போனின் டார்ச்சை அடித்து மூன்றாம் பானைக்குள் பார்த்தேன். இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு. ஐந்தாம் பானை பச்சை ஜோடியுடையது. அதில் ஐந்து குஞ்சுகள், எல்லாமே கறுப்புக் கண். மூன்றிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து ஐந்தில் வைத்தேன். ஐந்திலிருந்து ஏறக்குறைய அதே அளவில் ஒரு கறுப்பை எடுத்து மூன்றில் வைத்தேன். தோல் துண்டை இந்தக் கட்டிலிருந்து அந்தக் கட்டுக்கு மாற்றுவது போலத்தான் செய்தேன். குஞ்சின் வயிறு மட்டும் விரலில் சூடாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஐந்தாம் பானையில் அந்தச் சிவப்புக் கண் குஞ்சு செத்துக் கிடந்தது. மற்றவை பெரிய குஞ்சுகள். இது அடியில் நசுங்கியிருந்தது. காகிதத்தில் சுற்றிப் பக்கத்துக் காலிமனையில் எறிந்தேன்.

அவள் திரும்பி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது முகம் வாடியிருந்தது.

“அஞ்சுல ஒண்ணு கொறையுதேக்கா?”

“செத்துடுச்சிமா. எடுத்துப் போட்டுட்டேன்.”

“ம். மூணாம் பானைல எனக்குத் தப்பாயிடுச்சி. ஒண்ணுதான் வெள்ளை. எப்டி ரெண்டுன்னு சொன்னேன்னு தெர்ல.”

பாய்க்கு அவளே போன் போட்டு, மன்னிச்சிடுங்க, சரியாப் பார்க்கல என்று சொன்னாள். ராத்திரி எல்லோர் முன்னாலும் நான், “கண்ணுன்னா தப்பும் வரும்மா, அதுக்கு ஏன் பேஜாராவுற?” என்று ஆறுதல் சொன்னேன். அன்றைக்கு ரசம் சாதம் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். வேலை விட்டு வந்ததும் மேலேயிருந்து கூப்பிட்டாள். போனேன். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குஞ்சு. முள் முள்ளாக இறகு வந்திருந்தது. தலையில் மஞ்சள், முதுகில் பச்சை.

“மூணாம் பானைக்கா இது” என்றாள்.

“நல்லாதான இருக்குது.”

“நீலத்துக்கும் வெள்ளைக்கும் பச்சை பொறக்காதுக்கா. பச்சைக்குள்ள நீலம் ஒளிஞ்சிருக்கும், எப்பவாச்சும் ஒரு குஞ்சுல வெளிய வரும். நீலத்துக்குள்ள பச்சை ஒளியாது. குஞ்சும் தானா பானை மாறாது.”

கூண்டுக்குள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தன.

“அஞ்சாம் பானைல செத்ததுக்கு இன்னா கண்ணு?”

கறுப்பு என்று சொல்லியிருக்கலாம். “செவப்பு” என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் குஞ்சை மெதுவாகப் பானைக்குள் விட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “நாலஞ்சு நாள் குஞ்சுல சரியா செவப்பப் பார்த்து எடுத்திருக்கீங்க. எனக்கு அது புடிபட ஒரு வருஷம் ஆச்சு. எங்கிட்ட கேட்டிருந்தா காட்டியிருப்பனே” என்றாள்.

குத்திக்காட்டவில்லை, யோசித்துத்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. என்னைப் பிடித்த அந்த நேரத்திலும் என் கண்ணை மெச்சுகிற மனசு அவளுக்கு இருந்தது. அவள் கண்ணை மெச்சி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் அவள் கண் தப்பியதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். “உனுக்கு இன்னா கொறச்சல்?”

கம்பெனிக் கண்ணு, பொறவிக் கண்ணு என்று அவர் சொன்னது அவருக்கே நினைவில்லை.

வெள்ளைக் குஞ்சை எடுக்கப் பாய் வந்தபோது கேட்டிலேயே நிறுத்தி அவரிடமும் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டார். “குஞ்சு இன்னாமா பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்டார். மாடியில் அவளிடம், “தப்பு உன்னுது இல்லமா” என்று சொன்னது கீழே எனக்குக் கேட்டது.

கூண்டுக்கு ஒரு சின்னப் பூட்டு வந்தது. எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. இரண்டு மூன்று மாதம் எங்களுக்குள் பேச்சு, தண்ணி வந்துடுச்சா, கேஸ் வந்துடுச்சா என்ற அளவில்தான் இருந்தது. கம்பெனியில் ஒரு நாள் இரண்டு ஜோடியை மாற்றிச் சேர்த்துத் திட்டு வாங்கினேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் படியில் நின்று, “அக்கா, கொஞ்சம் மேல வர்றீங்களா?” என்றாள். அன்றைக்குத்தான் பொரித்த குஞ்சு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். “கண்ணு இன்னா கலர் சொல்லுங்க.”

“கறுப்பு.”

“இன்னொரு வாட்டி பாருங்க.”

வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு.

“நாவப்பழக் கலருக்கா. ரெண்டு மூணு நாள்தான் அப்டி இருக்கும், அப்புறம் கறுத்துடும். இதுக்கு ரெக்கைல கோடு கறுப்பா வராது, காப்பிப்பொடி கலர்ல வரும்.”

ஒரு மாதத்தில் காப்பிப்பொடி நிறத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ குஞ்சுகளை அவள் என் கையில் வைத்துவிட்டாள். சிவப்பில் எனக்குத் தப்பு வராது. நாவல்பழம் மட்டும் இன்னும் எனக்குக் கறுப்புதான். அவள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறாள், எனக்கு வயிறு எரிகிறது, “எங்க, இன்னொரு வாட்டி காட்டு” என்கிறேன்.