கிளிட்டஸின் பேட்சுக்கு என் ஆட்சேபணை

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். எனக்கும் கிளிட்டஸுக்கும் வாசித்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிற்பாடு அவர் எழுதிய கெர்னல் பேட்சுக்கு ஊரறியத் தடை சொன்னவள் நான்தான்.

முத்தையாபுரத்தில் வீட்டிலிருந்தபடி நான் பார்க்கும் வேலை, கம்ப்யூட்டரை அடியிலிருந்து இயக்கும் கெர்னலில், விர்ச்சுவல் கன்சோல் டிரைவர் என்ற பகுதிக்கு வரும் மாற்றங்களைச் சரிபார்ப்பது. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். நெட்வொர்க் படுத்துவிட்டால் அவற்றோடு பேச மிஞ்சும் வழி கன்சோல்தான். டிரைவர் காலி பஃபர்களை, அதாவது மெமரியில் ஒதுக்கிய இடங்களை, கியூவில் வைக்கும். வெளியே இருக்கும் பெரிய கம்ப்யூட்டர், அதாவது ஹோஸ்ட், அவற்றில் எழுதும். இந்த டிரைவரில் யார் என்ன மாற்றினாலும் அதை பேட்ச் என்போம். அது எல்லாரும் படிக்கும் மெயிலிங் லிஸ்டில் வரும். ஆட்சேபணையும் அங்கேதான் வரவேண்டும்.

கிளிட்டஸ் கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசர். எங்கள் மகள் வீடியோ காலில் அப்பாவைப் பார்த்தே வளர்ந்தவள். போதும், இனி கரைதான் என்று ஒருமுறை இறங்கி வந்தவர் கெர்னல் படிக்க உட்கார்ந்துவிட்டார். பேட்ச் ஒன்று கெர்னலில் ஏறட்டும், வேலை தருகிறோம் என்றது ஒரு கம்பெனி. அவர் பிடித்த பிழை என் டிரைவரிலேயே இருந்தது. மெஷின் தூங்கி எழும்போதெல்லாம் கியூவில் கிடந்த பஃபர்கள் விடுவிக்கப்படாமல் மெமரி கசிந்துகொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பேட்சை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு மெயின்டெய்னருடையது. அனுப்புகிறவர் என் கணவர் என்று அவருக்கு முதலிலேயே எழுதிவிட்டேன். பேச்செல்லாம் லிஸ்டில் நடந்தால் சரி என்றார். அதனால் வீட்டுக்குள் பேட்ச் பேச்சு கூடாதென்று சட்டம் போட்டோம். ஏளா என்று கூப்பிடுகிற மனிதர், ஹாலில் உட்கார்ந்துகொண்டு அடுத்த அறையிலிருக்கும் எனக்கு, ‘அன்புள்ள ஜெனிட்டா, தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்’ என்று இங்கிலீஷில் மெயில் போடுவார். ‘பேட்சுக்கு நன்றி’ என்று பதில் போட்டுவிட்டு, சாப்பிட வாங்க என்று நான் கத்துவேன்.

முதல் பேட்சில் சின்னத் திருத்தங்கள் சொன்னேன். இரண்டாவது வந்ததும் மெயின்டெய்னர், ஜெனிட்டா சரி என்றால் அடுத்து வெளியாகும் கெர்னலுக்கான இந்தச் சுற்றிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதே வாரம் கப்பல் ஏஜெண்டும் போனில் துளைக்கத் தொடங்கியிருந்தார். சுற்று தவறினால் கம்பெனி காத்திருக்காது, கிளிட்டஸ் கப்பலேற வேண்டியதுதான்.

ஒரு மத்தியானம் கடைசியாக ஒருமுறை படிக்க உட்கார்ந்தேன். அடுக்களையில் அவர் சீலா மீன் அறுத்துக்கொண்டிருந்தார். மெஷின் தூங்கப் போகும் இடத்தில் கண் நின்றது. பஃபரை விடுவித்துவிட்டு, அதற்குப் பிறகே கன்சோல் டிவைஸை ரீசெட் செய்து நிறுத்தியிருந்தார். இடையில் இருக்கும் அந்தச் சிறு நேரத்தில், நாம் கைகழுவிய மெமரியில் ஹோஸ்ட் எழுதிவிடலாம். அதற்குள் அங்கே வேறு எதன் டேட்டாவாவது வந்திருக்கும். அவருடைய டெஸ்டில் அப்படி நடக்கவில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரி மெஷினில் நடக்கலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி என்று ஒரு வரி எழுதினால் அவர் வீட்டோடு இருப்பார். பிறகு நானே ஒரு திருத்தம் அனுப்பி ஒப்பேற்றிவிடலாம் என்றுகூட மனது சொன்னது. கடைசியில், இந்த நிலையில் இதை ஏற்கக்கூடாது, டிவைஸை நிறுத்திய பிறகே பஃபரைத் தொட வேண்டும் என்று லிஸ்டில் எழுதினேன்.

அடுக்களையில் அவருடைய போன் சிணுங்கியது. கத்திச் சத்தம் நின்றது. என் மெயிலைப் படித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏளா, கப்பல்ல பிரேக்கரை ஆஃப் பண்ணாம நான் ஒரு பேனல்லயாவது கை வச்சிருக்கனா?”

“இல்லங்க.”

“இங்க ஆஃப் பண்ணாமயே வச்சிருக்கேன். அங்கனன்னா கையே போயிருக்கும்.”

“கோவமா?”

“கோவந்தான். இன்னைக்கு நடுத்துண்டு எனக்கு.”

நடுத்துண்டை என் தட்டில்தான் வைத்தார்.

திருத்தி, சோதித்து முடிப்பதற்குள் சுற்று மூடிவிட்டது. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது, அவர் மறுபடி கப்பலுக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் அவர் உள்ளே போனபின் மகள், “சரின்னு சொல்லியிருக்கலாம்லாம்மா” என்றாள்.

மூன்றாவது பேட்ச் நடுக்கடலிலிருந்து வந்தது. அதே ‘அன்புள்ள ஜெனிட்டா’. வீம்புக்கென்றே குறை தேடினேன், கிடைக்கவில்லை. எழுதியவர் பெயரும், அதன்கீழ் சரிபார்த்தவள் பெயருமாக அடுத்த சுற்றில் ஏறிவிட்டது. அதைப் பார்த்து இன்னொரு கம்பெனி, இறங்கியதும் வந்து பேசச் சொல்லியிருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், வேண்டியவர்களுடைய பேட்ச் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இன்னொருமுறை படியுங்கள் என்கிறேன். மகள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவேயில்லை. போன ஞாயிறு வீடியோ காலில் அவரே சொன்னார்.

“உங்கம்மா சரின்னு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் நம்புதாங்க மக்கா. எனக்காவ பொய்யா சரின்னு சொல்லியிருந்தா, அப்புறம் என் பேருக்குக் கீழ அவ பேரு எதுக்கு?”