தம்பிக்குக் கிடைத்த ஐந்து நிமிடம்

அந்த நகரத்தில் வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் கலை விழா நடக்கும். டிக்கெட் கிடையாது. பூங்காவின் பெரிய மேடை பெரிய ஆட்களுக்கு. குளத்தோரம் போடும் சின்ன மேடையில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறலாம். பல் டாக்டர் மிமிக்ரி செய்வார். பஸ் கண்டக்டர் கவிதை வாசிப்பார். அதைக் கேட்பதற்குப் பதில் அவருடைய பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே போய்விடலாம். ஆளுக்கு எட்டு நிமிடம்.

அந்த எட்டு நிமிடத்துக்குக் காவல் ஒருத்தி. வருடம் முழுக்க நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில் உட்காருபவள், விழா வந்தால் இங்கே. மேடைக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டு ஸ்விட்ச் வைத்த பெட்டி. ஏழாவது நிமிடம் மஞ்சள் விளக்கு, எட்டாவதில் சிவப்பு. சிவப்பு எரிந்ததும் மைக்செட்காரர் சத்தத்தை இறக்கிவிடுவார். பதினாறு வருடமாக இதே வேலை. சிவப்பு லைட்டு அக்கா என்று சொன்னால்தான் ஊருக்கே தெரியும். காய்கறி பொறுக்கும்போதுகூட, "சீக்கிரம் எடுங்கக்கா, மஞ்சள் போட்டாச்சு" என்று கடைக்காரர் வம்பிழுப்பார்.

கறாரானவள்தான், கல்நெஞ்சுக்காரி இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் கடிகாரம் ஓட வேண்டும் என்பது விதி. ஆனால் மைக் கரகரத்தால், வயர் மக்கர் செய்தால், பாட வந்தவர் என்ன செய்வார், பாவம்? அப்போதெல்லாம் மைக்செட்காரர் அவளைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவார். அவள் தலையாட்டிவிட்டு, கடிகாரத்தை முதலிலிருந்து ஓட்டுவாள். எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம் இது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அப்படி ஓட்டியிருக்கிறாள்.

அவளுக்கு ஒரே தம்பி. சோஃபா உறை தைக்கும் கடையில் வேலை. மெஷின் ஓடும் தாளத்துக்குத் தானே பாட்டுக் கட்டிப் பாடுவான். அக்கா வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலில் நின்று கச்சேரி. "டேய், காது வலிக்குதுடா, போய் உக்காரு" என்று இவள் கத்தக் கத்த, இன்னும் உரக்கப் பாடுவான். மேடை என்றால் மட்டும் அவனுக்குப் பயம். "நம்ம மூஞ்சிக்கு மேடையெல்லாம் எதுக்குக்கா" என்று வருடக்கணக்காக நழுவியவனை நச்சரித்து, நச்சரித்துப் பெயர் கொடுக்க வைத்தவளே இவள்தான். பழைய கீபோர்டு ஒன்று வாங்கி ஆறு மாதம் ஒத்திகை பார்த்தான்.

அவன் பாடுவதற்கு முதல் நாள் பார்த்தா அந்த மொட்டைக் கடுதாசி வர வேண்டும்? சின்ன மேடையில் ஆபீஸ்காரர்களின் சொந்தபந்தங்களுக்குத்தான் சலுகை என்று எவரோ எழுதிப் போட்டிருந்தார். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். யார் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் அது தன்னைத்தான் சொல்கிறது என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் சாயங்காலம் தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டையோடு ஏறினான். கீபோர்டை அழுத்தினால் சத்தம் வரவில்லை. மைக்செட்காரர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார், செருகினார், வேறு வயர் தேடினார். மூன்று நிமிடம் முழுசாகப் போனது. அவன் மேடையில் வியர்த்து வழிந்து, கூட்டத்தைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு நின்றான். ஒருவழியாகச் சத்தம் வந்தது. மைக்செட்காரர் அவளைப் பார்த்து வட்டம் போட்டார்.

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி வட்டம் போட்டார். அவள் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தம்பி பாட ஆரம்பித்தான். நன்றாகப் பாடினான், அதுதான் கொடுமை. கூட்டம் கை தட்டித் தாளம் போட்டது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் கீபோர்டில் ஒரு சின்ன வாசிப்பு; அதை முடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான், வாயைத் திறந்தான். சிவப்பு எரிந்தது. "அட, பாடட்டும் விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். மைக் அடங்கிவிட்டது.

அடுத்து ஏறியவர் யாரோ ஒரு பெரியவர். அவருக்கும் மைக் கரகரத்தது. மைக்செட்காரர் வட்டம் போட்டார். பதினாறு வருடப் பழக்கம், அவள் கை தானாகக் கடிகாரத்தை முதலிலிருந்து ஓட்டிவிட்டது. நிமிர்ந்தால், மேடையோரம் கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தம்பி நின்றிருந்தான். பார்த்துவிட்டான்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அவன் கிட்டே வந்து, "நீ பண்ணதுதான் சரிக்கா. இல்லேன்னா உன்னைத்தான் பேசுவாங்க" என்று அவளையே தேற்றிவிட்டுப் போனான். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பேச்சு நிற்கவில்லை, வரத்துப்போக்கு நிற்கவில்லை. பாட்டு நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அந்தக் கடைசிச் சரணம் உங்களைக் கிண்டல் பண்ணித்தான் அண்ணி கட்டியிருந்தாரு. எனக்கே பாடிக் காட்டலை. முதல்ல அக்காதான் கேக்கணும்னாரு."

அடுத்த வருடம் அவள் அந்த மேஜைக்குப் போகவில்லை. முட்டிவலி என்று எழுதிக் கொடுத்தாள். நான்கு விழாக்கள் போயின. ஒவ்வொரு வருடமும் "பேரு கொடுடா" என்பாள். அவன் "பாக்கலாம்கா" என்பான். ஊர் பேசுமே என்று பயந்தாளே, அந்த ஊர் மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

போன மாதம் ஒரு பகல் நேரம், பொறுக்கமாட்டாமல் அவன் வீட்டுக்கே போய்விட்டாள். மனைவியும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். அவன் மட்டும் ஏதோ சோஃபா உறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தப் பாட்டைப் பாடுடா. எனக்காக, ஒரு தடவை."

"இப்ப என்னக்கா திடீர்னு?"

"எனக்குக் கேக்கணும்டா."

அவன் பேச்சைத் தட்டவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி தொடங்கினான். குரல் அப்படியேதான் இருந்தது. இரண்டு வரி. சட்டென்று நிறுத்திக்கொண்டு, பிரித்த நூலைத் திரும்பக் கையில் எடுத்தான்.

"போதும்கா. எல்லாருக்கும் வேலை இருக்கும்ல."

அந்த வீட்டில் அப்போது கேட்பதற்கு அவளைத் தவிர ஒருவரும் இல்லை.