தாமரை வாங்கிய பழைய லென்ஸ்

தாமரைச்செல்வி லென்ஸ் வாங்கப் போனபோது கூடவே போனவள் நான். பெயர் ஆன்சி. காலேஜிலிருந்து அவளுக்குத் தோழி, பழங்காநத்தத்தில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அப்பா விருமாண்டி டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறவர். கண்ட ஸ்டுடியோக்காரர்களுக்கும் எடுபிடி வேலை செய்து சலித்துப்போய், தன் பெயரில் முதல் ஆர்டர் பிடித்தாள். பக்கத்து ஊரில் காளை என்பவர் வீட்டுக் காதுகுத்து. கேட்டதும் விருமாண்டி குதித்தார்.

"நாலு பேரு முன்னால கேமராவத் தூக்கிட்டு அலையணுமாக்கும்? போறதுன்னா போ. யாரு மகளுன்னு கேட்டா எம் பேரச் சொல்லாத!"

"சரி, சொல்லல," என்றாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. இந்த ஒரு ஆர்டர் சொதப்பினால் கேமராவை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். அதைப் பார்க்க ஊரே காத்திருந்தது.

காளவாசலில் சூரியபிரகாஷ் என்ற ஸ்டுடியோக்காரர் பழைய லென்ஸ் விற்கிறார் என்று போனோம். அந்த ஆள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைக யாரும் வரலையாம்மா?"

"லென்ஸ் எனக்குத்தாண்ணே. எடுங்க," என்றாள் தாமரை.

எடுத்துக் கொடுத்தார். போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை.

"அது வெறும் தூசிம்மா."

"தூசி வேரு விடுமாண்ணே?" என்று நான் கேட்டுவிட்டேன். முறைத்துக்கொண்டே வேறொன்றை எடுத்தார். அதன் உடம்பில் போன வருஷ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"உடம்புல இருந்துட்டுப் போகுது. கண்ணாடியில படாம இருந்தாச் சரி," என்று அதையே வாங்கிவிட்டாள். இதை அவள் வீட்டில் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

காதுகுத்து, ஆயுத பூஜைக்கு மறுநாள். துணைக்கு நான் முந்தின நாளே போய்விட்டேன். விருமாண்டி மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டார். தாமரை தன் கேமராவை அங்கே கொண்டுபோய் வைக்கவே இல்லை. அத்தனை வீம்பு.

விடிந்து பையைத் திறந்தால், லென்ஸின் மூடியைக் கழற்றி, கண்ணாடியின் நடுவில் விபூதிப் பட்டை, அதன்மேல் சந்தனம், அதற்கும் மேல் குங்குமம்!

"யப்பா!" என்று அவள் போட்ட சத்தத்தில் விருமாண்டி வந்து நின்றார். திருட்டு முழி.

"டிராக்டர் லைட்டுக்குக் கண்ணாடியிலதானத்தா வைக்கிறோம்..."

"இதுவும் அதுவும் ஒண்ணாப்பா? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்று நான் கத்தினேன்.

ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சந்தனம் போனது, மெல்லிய கீறல் ஒன்று நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போச்சா?" என்றார் விருமாண்டி.

"ஒண்ணும் போகல. சூரியனுக்கு எதிராப் பிடிச்சாத்தான் தெரியும். பிடிக்க மாட்டேன்." பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தொழில் சாமானுக்குத்தானே மனுஷன் பொட்டு வைப்பார் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அவளிடம் சொன்னேன்.

"அத வாயால சொல்லட்டும்," என்றாள்.

பந்தலில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்திருந்தார்கள். வெயில் அவர்கள் முதுகுப் பக்கம். தாமரை கையைத் தட்டினாள். "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க. வெயிலப் பாத்து உக்காருங்க. உக்காந்தாத்தான் போட்டோ!"

சீர்த் தட்டு, ஆசாரி, மாமன், மடியில் குழந்தை எல்லாம் முனகிக்கொண்டே திரும்பின. ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"இம்புட்டு அதிகாரம் பண்றியே, நீ யாரும்மா?"

"தாமரைச்செல்வி. போட்டோகிராபர்."

"அது கெடக்கட்டும். யாரு மக?"

அவள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பந்தலே அவளைப் பார்த்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"எம் மகதாண்ணே!"

டிராக்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு விருமாண்டி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்துகொண்டிருந்தார். நேராக வந்து மகளுக்கு முன்னால் நின்றார். "விருமாண்டி மக!"

கேமராவுக்குக் கீழே அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கியதை நான் பார்த்தேன். குரல் மட்டும் இறங்கவில்லை.

"யப்பா, மறைக்கிற. தள்ளி நில்லு."

விருமாண்டி தள்ளி நின்றார்.