ஈர இலை

கொழுந்து ஒடிப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. புகையிலைச் செடி பூ விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய் இலை மெலிந்துவிடும்; மொட்டு தலைகாட்டியதுமே கிள்ளி எறிய வேண்டும். விதைக்கென்று ஓரமாகச் சில செடிகளை மட்டும் பூக்க விடுவார்கள். கல்யாணமான கையோடு வேலைக்கு வந்தவளுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

பனி காயுமுன் இலை பறித்தால் ஈரத்தோடு அதன் காரமும் தோலில் இறங்கும். தலை சுற்றும், குமட்டும். முதல் வருடம் அவள் அப்படி வாந்தி எடுத்தபோது, வேறு மாதிரி நினைத்துக்கொண்டு நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பறிப்பு முடிந்தது, வாந்தியும் நின்றது.

இந்த வருடம் வாந்தியோடு நாளும் தள்ளிப்போயிருந்தது.

"என்னடி, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்றாள் பக்கத்து வரிசையில் பறிக்கும் நெட்டை.

"இலைதான்க்கா."

"புகைக்கிற இலைன்னு புகையிலைனு பேர் வச்சானே, அவன் ஒருநாள் வந்து பறிச்சிருக்கணும். வாந்தியிலைனு வச்சிருப்பான்."

"மெல்றாங்க, மூக்குப்பொடி போடறாங்க, ஊறவச்சுப் பூச்சிக்குத் தெளிக்கிறாங்க. அவங்கல்லாம் என்ன பேர் வைப்பாங்க?"

"பூச்சியைக் கேளு. சரியான பேரா சொல்லும்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள்.

கணவரிடம் மட்டும் சொன்னாள். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். எந்நேரமும் வாயில் புகையிலை அதக்கியிருப்பார். "இந்த வாடை உனக்கு ஆகாதுல்ல" என்று டப்பாவைப் பரண்மேல் போட்டார். வெறும் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இலையா, பிள்ளையா? ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் அங்கே நாத்தனார்தான் ஆயா. மறுபடி தெருவுக்கே தெரிந்துவிடும். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். இலையைத் தொடாமலும் குமட்டினால் அது இலை இல்லை.

முதல் நாள் லேசாகக் குமட்டியது. மறுநாள் காலை டீயைக் குடித்துவிட்டுத் தொட்டி ஓரமாக நின்றாள். ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் நின்று பார்த்தாள். அன்று மத்தியானம், பழகிய வலி அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. துணியை மாற்றிக்கொண்டு, அரிசி களைந்து உலையில் போட்டாள்.

ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பரணிலிருந்து டப்பாவை எடுத்து, தூசி துடைத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு வேலைக்குப் போறேங்க."

அவர் டப்பாவைப் பார்த்தார். "ம்."

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?"

"போதும்மா."

கை கழுவிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தார்.