விஜியின் பாதிப் படம்

பேய்ப் படம் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்துப் போய் இருட்டில் உட்கார்ந்து பயப்படுவதில் என்ன சுகம் இருக்கிறது? விஜியிடம் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாள், அவ்வளவுதான்.

விஜி திருவேற்காட்டுக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை செய்யும் சட்டைக் கம்பெனியில் அவள் செக்கர். நான் காலர் தைப்பவள். தைத்தது இந்த ஆக்னஸ் என்று தெரிந்தாலும் ஒரு நூல் பிசிறுக்குக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவாள், சிநேகிதமாவது மண்ணாவது. எங்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேனை ஓட்டுபவர் அவள் வீட்டுக்காரர் துலுக்கானம். ஆளைப் பார்த்தால் அய்யனார் மாதிரி மீசை. ஆனால் பேய் என்ற சொல்லைக் கேட்டாலே வேனில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

பாவம், அவர் தினமும் கூட்டவேண்டியிருந்தது. எங்கேயாவது ஒரு பேய்ப் படத்துக்கு டீசர் வந்துவிட்டால் போதும், மறுநாள் காலை வேன் கிளம்பும்போதே விஜி ஆரம்பித்துவிடுவாள். டீசரில் ஒரு கதவு, ஒரு கை, ஒரு குழந்தையின் அழுகை, இவ்வளவுதான் இருக்கும். அதை வைத்து வானகரம் தாண்டுவதற்குள் கதாநாயகியைக் கொன்று, அம்பத்தூர் வருவதற்குள் அவளைப் பேயாக்கி, கம்பெனி வாசலில் பழிவாங்க வைத்துவிடுவாள். படம் வந்த பிறகு பார்த்தால் அது வேறு கதையாக இருக்கும். விஜியின் கதைதான் நன்றாக இருந்தது என்று வேனில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று சொன்னதில்லை.

வெறும் பேய் மட்டும் வரும் படம் அவளுக்கு இளக்காரம்.

"வெறும் பேயி இன்னாக்கா பண்ணும்? வரும், கத்தும், போவும். அதுல ஒரு போலீஸ் கேஸ் இருக்கணும், நடுவுல சிரிப்பு இருக்கணும், ஒரு லவ்வு இருக்கணும். அப்பதான் எப்ப பயப்படறது, எப்ப சிரிக்கிறதுன்னு நமக்கே தெரியாது" என்பாள்.

"யம்மா தாயே, வண்டி ஓட்டிகினு கீறேன். ஊடு போய்ச் சேர வேணாமா?" என்று முன்னாலிருந்து துலுக்கானம் கெஞ்சுவார்.

இத்தனை ஆர்வக்காரி தியேட்டருக்குப் போனால் என்ன செய்வாள் தெரியுமா? பேய் வரும் நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பக்கத்தில் அவள் மகள் தேவி உட்கார்ந்து, இப்போது கதவு திறக்கிறது, இப்போது கையை நீட்டுகிறது என்று காதில் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொள்வதற்கு எதற்கடி டிக்கெட் என்றால் இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிடும். தேவிக்கு முழுப்பெயர் தேவிகருமாரி. பூந்தமல்லியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதற்கும் அசையாத பெண். பள்ளிக்கூட வயதிலிருந்தே அம்மாவுக்குக் காதில் படம் சொல்லியே வளர்ந்தவள். புதுப் பேய்ப் படம் வந்தால் அம்மாவும் மகளும் முதல் நாள் போயாக வேண்டும். வேறு யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தத் தேவிக்கு ஓசூரில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் திருமுருகன், தொழிற்சாலையில் நல்ல வேலை, நல்ல குணம். பேய் என்றால் மட்டும் மாமனார் ஜாதி. அதைக் கேட்டதும் துலுக்கானத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் லிஃப்ட் படத்துக்கு டீசர் வந்தது. அதற்கு ஏதோ பெரிய பெயர், ஆனால் வேனில் எங்களுக்கு அது லிஃப்ட் படம்தான். ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் வேறு ஏதோ வருஷத்தில் போய் இறங்குகிறார்கள். உள்ளே ஒரு பேய். அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது இன்ஸ்பெக்டர். தன்னைக் கொன்றது யார் என்று தானே துப்பறிகிறது, கூடவே ஒரு பயந்தாங்கொள்ளி லிஃப்ட் மெக்கானிக். விஜிக்கு வேறென்ன வேண்டும்? ஒரே படத்தில் பேய், போலீஸ், சிரிப்பு, காலம் மாறும் வித்தை எல்லாம். வைகாசிக் கடைசியில் ரிலீஸ் என்று போட்டிருந்தான்.

ஜோசியர் கல்யாணத்துக்கு இரண்டு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார், வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் வைகாசி என்றார்கள். விஜி ஆனிதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். வெயில் தணியும், மண்டபம் தோதாகக் கிடைக்கும் என்று என்னென்னவோ காரணம் சொன்னாள். அவர்களும் நம்பி ஒத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். லிஃப்ட் படத்தை மகளோடு பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொடுக்கலாம் என்பதுதான்.

பத்திரிகை அடித்துக் கொடுத்தும் ஆயிற்று. அதற்குப் பிறகு படக்காரன் ரிலீஸைத் தள்ளிப் போட்டான். எங்கே கொண்டுபோய் வைத்தான் என்றால், சரியாகக் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கல்யாணம் ஞாயிறு. நலங்கு வைத்துக் காப்புக் கட்டுவது புதன். வேனில் போனைப் பார்த்துக்கொண்டே வந்த விஜி, "போச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அன்று கம்பெனி வரை வேனில் பாட்டு மெதுவாகவே ஓடியது.

காப்புக் கட்டிவிட்டால் மணப்பெண் வாசல்படி தாண்டக் கூடாது. அவர்கள் வீட்டில் அது சட்டம். சட்டத்தைக் காப்பாற்றத் துலுக்கானத்தின் அக்கா ஜெகதாம்பாள் முந்தின வாரமே வந்து இறங்கியிருந்தாள்.

"மஞ்சத் தண்ணி காயறதுக்குள்ள வெளிய போனா காத்து கருப்பு புடிச்சிக்கும்" என்றாள் அவள்.

"அத்த, பேய் புடிச்சிக்கும்னு பேய்ப் படத்துக்கு அனுப்ப மாட்டேன்றியே. நான் பாக்கப் போறதே அதத்தானே!" என்றாள் தேவி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெகதாம்பாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன். விஜியாவது ஏதாவது பேசுவாள் என்று நினைத்தேன். அவள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே என்னிடம் சொன்னாள்: "நாளைக்கி அவளுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட, ஆத்தாக்காரிக்கு சினிமா பைத்தியம், அதான் இப்படி ஆச்சும்பாங்க. வேணாங்கா. ஓசூர் போய்ட்டா இவ யாரோட பாக்கப் போறா, நான் யாரோட பாக்கப் போறேன், அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா கீது. கடைசியா ஒரு படம்னு நெனச்சிகினு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை காலையில் விஜியும் நானும் பூந்தமல்லிக்குப் போய்க் கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டு வரவேண்டியிருந்தது. தேவி என் பக்கம் திரும்பி, "பெரிம்மா, அப்படியே எங்கம்மாவ படத்துக்குக் கூட்டினு போயிட்டு வா. அது வந்து எனக்குக் கதை சொல்லட்டும்" என்றாள். மணப்பெண் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கர்த்தரை வேண்டிக்கொண்டு போனேன்.

காலைக் காட்சி. கூட்டம் அதிகமில்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது. விஜி என் கையை நசுக்கிக்கொண்டு, "இன்னா ஆச்சுக்கா? இன்னா ஆச்சு?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் கண்ணை மூடியிருந்தேன். இரண்டு பேரும் மூடிக்கொண்டால் யார் யாருக்குச் சொல்வது? சரி போகட்டும் என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். அந்த மெக்கானிக் பேயிடம் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள் அடுத்த காட்சி வந்து தூக்கிவாரிப் போட்டது. அப்போது இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது. உள்ளதைச் சொல்கிறேன், அப்புறம் விஜி பக்கத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கடைசியில் லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நிற்கிறது. கதவு மெல்லத் திறக்கிறது. உள்ளே நிற்பவரைப் பார்த்து அந்த இன்ஸ்பெக்டர் பேயே பயந்து பின்வாங்குகிறது. யார் என்று காட்டவில்லை. இடைவேளை.

விளக்குப் போட்டதும் விஜி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாத்ரூமா?" என்றேன்.

"ஊட்டுக்குக்கா."

"இன்னாடி சொல்ற, மீதிப் படம்?"

"எனக்குப் புடிக்கலக்கா. படம் நல்லாத்தான் கீது. அவ இல்லாம புடிக்கல. மீதிய என்னிக்காவது அவளோட பாத்துக்கறேன். நீ வா."

நான் எழுந்திருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். உள்ளே நிற்பது யார் என்று தெரியாமல் என்னால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது. "நீ போடி, நான் கதவு தொறந்தப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் போனாள். நான் கடைசி வரை இருந்து, பேர் போடுவது வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திருவேற்காட்டுக்கு வந்தால் வாசல் பந்தலில் துலுக்கானம் சும்மா நின்றிருந்தார். "உள்ள ஒரே அழுகைங்க" என்றார். விஜி வந்ததும் தேவி கதையைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். பாதிதான் பார்த்தேன், மீதி எனக்கும் தெரியாது, நீ ஓசூரிலிருந்து வரும்போது சேர்ந்து பார்க்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். பெண் பார்த்ததிலிருந்து அன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாளாம். நலங்கு வைத்த பெண் அழக்கூடாது என்று அதட்ட வந்த ஜெகதாம்பாளும் கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே போனதும் அழுகை நின்றது. அம்மாவும் மகளும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முழுசா பாத்தியா பெரிம்மா?"

"பாத்தேன்டி. அந்தக் கதவுக்குப் பின்னால..."

இரண்டு பேரும் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்கள். மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் விட்டார்கள்.

சத்தியம் செய்வது சுலபம். தெரிந்த கதையை வயிற்றில் வைத்துக்கொண்டு தினமும் வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போவது இருக்கிறதே, அது எனக்குத்தான் தெரியும். கல்யாண மேடையிலேயே துலுக்கானத்தின் தம்பி மகன் வினோத், போட்டோவுக்கு நின்றவன், "தேவி, லிஃப்ட்டுக்குள்ள யார்னா" என்று ஆரம்பித்தான். மணப்பெண்ணும் மணப்பெண்ணின் அம்மாவும் ஒரே குரலில் "வாய மூட்றா!" என்று கத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆடிப்போய்விட்டார்கள். திருமுருகன் மட்டும் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே வினோத்தின் தோளில் கைபோட்டு அவனை மேடையை விட்டு இறக்கிவிட்டான். அந்த மாப்பிள்ளைப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது எல்லா இடத்திலும் உள்ளதுதானே. தேவி வந்தாள். படமும் ஓடிடியில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்புச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இன்றோடு நம் பாரம் இறங்கிவிடும் என்று சந்தோஷமாகப் போனேன். துலுக்கானம் பந்தலே இல்லாத வாசலில் போய் நின்றுகொண்டார்.

முதலிலிருந்து போட்டார்கள். தேவி காதில் சொல்லச் சொல்ல, விஜி தியேட்டரில் கண்ணை மூடிக்கொண்டு தவறவிட்டதையெல்லாம் இப்போதுதான் புரிந்துகொண்டாள். இடைவேளை தாண்டியது. கதவு முழுசாகத் திறந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

இன்னும் ஒரு காட்சி ஓடியது. தேவி ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"இன்னாடி நிறுத்திட்ட?" என்றேன்.

"மீதிய அடுத்த வாரம் பாக்கலாம் பெரிம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அடிப்பாவிங்களா, நான் ஒரு மாசமா வாயக் கட்டிகினு கீறேன்!" என்று கத்தினேன். விஜி மகளைப் பார்த்தாள். "சரி, இருக்கட்டும்" என்று எழுந்து டீ போடப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே, கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். அதற்கடுத்த வாரமும் அதே கதை. இடைப்பட்ட நாளெல்லாம் கொலைகாரன் யார் என்று இருவரும் யோசித்து யோசித்துச் சொல்வார்கள். விஜி சொன்ன முடிவு படத்தின் முடிவைவிட நன்றாகவே இருந்தது. அதையும் நான் சொல்ல முடியாதே.

ஆடி முடிந்து திருமுருகன் அழைத்துப்போக வந்தபோது படத்தில் கடைசிக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இப்பவாவது பாத்து முடிங்கடி" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. தேவி பையைத் தூக்கிக்கொண்டு, "தல தீபாவளிக்கு வரப்போ பாத்துக்கலாம்மா" என்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை விஜி வாசலிலேயே நின்றாள்.

நான் விடவில்லை. "ஒரு மாசம் இருந்தா. ஒரு படத்த முழுசா பாக்க முடியல ஒங்களால?" என்றேன்.

"முடிஞ்சிட்டா அப்புறம் அவ எதுக்குக்கா வருவா?" என்றாள் விஜி.

"லூசு, நீ கீறியேடி. ஒன்னப் பாக்க வர மாட்டாளா?"

விஜி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். கொலைகாரன் யார் என்று தீபாவளி வரை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.