தொப்புள் வைத்த இரும்பு உருண்டை

கடலைப் பார்த்து நின்ற அந்தக் கோட்டையை ராணுவம் காலி செய்து நகராட்சியிடம் ஒப்படைத்த வருடமே அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். பீரங்கி மேடைகளில் பெஞ்சு போட்டார்கள். வெடிமருந்து அறைக்குள் மண்வெட்டியும் ரப்பர் குழாயும் போய்ச் சேர்ந்தன. ஆங்காங்கே கிடந்த பழைய பீரங்கிகளின் இரும்பு உருண்டைகளைப் பூப்பாத்திகளின் ஓரத்தில் வரிசையாகப் பதித்துவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அவற்றுக்கு வெள்ளையடிப்பது அவள் வேலை. பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்பாள். வருடா வருடம் தடித்து, பெரிய முட்டைகள் மாதிரி ஆகிவிட்டன. பூங்காவில் அவளுக்குச் சுண்ணாம்பக்கா என்றே பேர்.

கணவர் லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. கனமான உருண்டை எதையாவது உள்ளங்காலால் உருட்டச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அந்தச் சமயம் பாத்தியை அகலப்படுத்தியதில் ஓர் உருண்டை மிஞ்சியது. மேற்பார்வையாளரைக் கேட்டாள். தூக்கிப்போட ஆள் தேட வேண்டாம் என்று அவருக்கும் நிம்மதி. தேங்காயைவிடச் சற்றுப் பெரிய அதைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அவர் உருட்டி உருட்டியே சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்தது. ஓரிடத்தில் வட்டமாக ஒரு தழும்பு தெரிந்தது.

"இதுக்குத் தொப்புள் இருக்கு பாரு. எவளோ பெத்துப் போட்டுட்டுப் போயிருக்கா" என்றார்.

வீட்டில் அதைத் தத்துப்பிள்ளை என்றே சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அவர் சுவரைப் பிடித்தபடி சமையலறை வரை நடக்கத் தொடங்கியதும் அந்தப் பிள்ளை வந்த பிறகுதான்.

ஒரு நாள் காலை பூங்காவில் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மண்ணுக்குள்ளிருந்து ஓர் உருண்டையை எடுத்தார்கள். முன்பு அங்கே கிடைத்தவை போலவே இருந்தாலும், எதற்கும் இருக்கட்டுமென்று மேற்பார்வையாளர் ராணுவத்துக்குத் தகவல் சொன்னார். வெடிகுண்டு பார்க்கும் அதிகாரி வந்தார். அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பூப்பாத்தி ஓரம் போய் உட்கார்ந்து, கத்தியால் ஒரு முட்டையின் சுண்ணாம்பைச் சுரண்டினார். பிறகு அடுத்ததை. மூன்றாவதில் நிறுத்தி, எல்லோரையும் பூங்காவை விட்டு வெளியே போகச் சொன்னார்.

உள்ளேயும் வெறும் இரும்பான கெட்டி உருண்டைகள்தான் அதிகமாம். ஆனால் இப்படி வட்டமாக அடைப்பு இருந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கும், எத்தனை காலமானாலும் அது சாகாது என்றார். அவள் எட்டிப் பார்த்தாள். தொப்புள்.

அந்த வட்டத்தை ஊர் கண்ணில் படாமல் மூடி வைத்தது அவளுடைய சுண்ணாம்புதான்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்குங்க" என்று அதிகாரியிடம் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் ஓடத் தொடங்கினாள். தெருமுனை திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி ஓடினாள்.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"காலை மெதுவா எடுங்க."

"இப்பதானே வெச்சேன்? இன்னிக்குத்தான் பதமா இருக்கு."

"எடுங்கன்னா எடுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, எடுத்துவிட்டார். அவரை அணைத்துப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள். செருப்புப் போடவிடவில்லை என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முணுமுணுப்பு நின்றது. தன் வலது பாதத்தை, யாருடையதையோ பார்ப்பதுபோல, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராணுவ வண்டி வந்தது. அக்கம்பக்கத்தாரைத் தெருமுனைக்கு அனுப்பினார்கள். அதிகாரி தனியாக உள்ளே போனார். சற்று நேரத்தில் வெறுங்கையோடு வாசலுக்கு வந்தார்.

"அடைப்பு இருக்கு. மருந்தும் இருக்கும். ஆனா அது ஏன்மா சுடுது?"

அவள் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "வெயில்ல வெச்சிருந்தோம் சார்."

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. இருந்தாலும் தலையாட்டிவிட்டு, உருண்டையைத் தூக்க ஆளைக் கூப்பிடத் திரும்பினார். இரண்டு பையன்கள் மணல் பெட்டியோடு வண்டியிலிருந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"இல்லீங்க" என்றாள் அவள். "அடுப்புல வெச்சேன். வெறும் இரும்பு சில்லுன்னு இருக்குன்னு சொல்லுவாரு. தோசைக்கல்லு மேல வெச்சுச் சூடு பண்ணிக் குடுப்பேன்."

பையன்கள் பெட்டியோடு அப்படியே நின்றார்கள்.

"இன்னிக்கு மட்டுமா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேருந்து. தினமும்."

அது ஆறும் வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று அதிகாரி பையன்களுக்குக் கை காட்டினார். பிறகு தெருவைக் கடந்து, எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.